நந்தியிலிருந்து ஹொனலூலு, ஆறரை மணி நேரம்

பம்பாயில் மாதுங்காவிலிருந்து வி.டி. ஸ்டேஷனுக்குப் போகும் எட்டு இருபத்திரண்டு லோக்கலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் வேங்கடசுப்ரமணியனுக்கு என்று ஓர் இடம் இருந்தது. உட்காரும் இடமில்லை, நிற்கும் இடம்தான். ஆனால் அந்த இடத்தில் வேறு யாரும் போய் நிற்க மாட்டார்கள். அவர் ஏறி, குடையைக் கம்பியில் மாட்டி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டதும் சுற்றியிருந்த ஆபீஸ் கூட்டம் ஆரம்பித்துவிடும்.

"டைம்டேபிள் சார், இன்னிக்கு ஒரு கஷ்டமான கேள்வி. ஃபிஜித் தீவுல நந்தி, அங்கேர்ந்து ஹொனலூலு. சொல்லுங்கோ பார்ப்போம்."

"கடல் மைல்ல சொல்லட்டுமா, தரை மைல்லயா?" என்பார் அவர். இது ஒரு அலட்டல். கேட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது அவருக்கும் தெரியும்.

"எதுலயாவது சொல்லுங்கோளேன்."

"தரை மைல் மூவாயிரத்து நூத்தி எழுபது. ஜெட் ஆறரை மணி நேரம். புதன்கிழமை ஏறினா செவ்வாய்க்கிழமை எறங்கலாம்."

பெட்டியே சிரிக்கும். விமான நிலையத்துக்கு நந்தி என்று பேர் வைத்திருப்பது ஒரு வேடிக்கை. ஏறின நாளுக்கு முந்தின நாளில் இறங்குவது அதைவிட வேடிக்கை. யாராவது ஒருவர் விமான டைம்டேபிள் போட்ட தடித்த புத்தகத்தில் பார்த்துச் சரிபார்த்துவிட்டு வந்து மறுநாள் கையைப் பிடித்துக் குலுக்குவார். வேங்கடசுப்ரமணியன் ஒரு முறைகூடத் தவறினதில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததும் இல்லை. அதில்தான் எல்லாம் கெட்டது.

கோட்டைப் பக்கம் ஒரு பிரயாண ஏஜென்சியில் அவருக்கு வேலை. பதினெட்டு வருஷமாக அடுத்தவர்களை ஆகாயத்தில் அனுப்பிக்கொண்டிருந்தாரே தவிர, தாம் ஒரு நாளும் விமானத்தில் ஏறினதில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. பாவுதாஜி ரோட்டில், இரண்டாம் மாடியில், இரண்டு அறை வீடு. அந்த வீட்டில் அவரும் அவருடைய அக்கா தர்மாம்பாளும் இருந்தார்கள். அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். அவருக்கு நாற்பது வயதான பிறகும் அவள் வாயில் அவர் 'வேங்குட்டு'தான்.

தர்மாம்பாளின் புருஷன் ஜகந்நாதன் கணக்கு வாத்தியார். குழந்தைகள் இல்லை. அறுபதாம் வருஷம் ஃபிஜித் தீவில் இந்தியப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனார். குடியிருக்க வீடு கொடுத்ததும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லி மனைவியைத் தம்பி வீட்டில் விட்டுப் போனார். வீடு கொடுப்பது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அறுபத்து மூன்றில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹொனலூலுவில் ஒரு வருஷம் ஆசிரியர் பயிற்சி கிடைத்திருக்கிறது, அது முடிந்தால் வீடு நிச்சயம், தர்முவைத் தயாராக இருக்கச் சொல், ஹொனலூலுவுக்கு நான் கப்பலில் போவதா விமானத்தில் போவதா, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று மைத்துனருக்கு எழுதியிருந்தார். மைத்துனர் அன்றைய தபாலிலேயே பதில் போட்டார். மைல், மணி, ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் ஒரு பக்கத்துக்கு. விமானமே மேல் என்றும் எழுதினார். அதில் ஒரு குற்றமும் இல்லை. நின்றுபோகிற இருதயம் கப்பலிலும் நின்றிருக்கும்.

அந்த வருஷம் ஜூலை மாதம் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆஷாட ஏகாதசி. தர்மாம்பாள் காலையில் கொட்டுகிற மழையில் வடாலா விட்டோபா கோயில் வரிசையில் மூன்று மணி நேரம் நின்று தரிசனம் பண்ணிவிட்டு வந்தாள். அவளுக்கு ஏகாதசி என்றால் பச்சைத் தண்ணீர் கிடையாது, தூக்கமும் கிடையாது. மாதத்துக்கு இரண்டு தடவை இப்படி. மறுநாள் துவாதசி, விடிந்ததும் அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் வைத்துப் பாரணை செய்து விரதத்தை முடிப்பாள். அன்றைக்கும் அப்படித்தான் முடித்தாள். புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அக்காவும் தம்பியுமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "அகத்தி இன்னிக்குக் கசக்கவே இல்லைடா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். ஜகந்நாதன் இந்நேரம் ஹொனலூலு விமானத்தில் பறந்துகொண்டிருப்பார் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. ஃபிஜி பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் கொடுத்தது. ஜகந்நாதன் ஹொனலூலு போகும் வழியில், விமானத்திலேயே, செவ்வாய்க்கிழமை இரண்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு மாரடைப்பில் காலமானார்.

செய்தி கேட்டுச் செம்பூரிலிருந்து ஜகந்நாதனின் தம்பி சங்கரன் ஓடி வந்தான். அழுதுகொண்டே தந்தியை இரண்டு தரம் படித்தவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"மன்னி, அண்ணா கடுதாசில என்ன எழுதியிருந்தான்? புதன்கிழமை ஏறறேன்னுதானே?"

தர்மாம்பாள் அழுகையை நிறுத்திவிட்டு சுவாமி படத்துக்குப் பின்னாலிருந்து அவருடைய கடைசிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஆமாம். புதன்கிழமை, மூன்றாம் தேதி, அதிகாலை ஒன்றரை மணிக்கு நந்தியில் விமானம் ஏறுகிறேன் என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது.

"புதன்கிழமை ஏறினவன் செவ்வாய்க்கிழமை பிளேன்ல எப்படிச் செத்துப்போவான்? இது வேற யாருக்கோ வந்த தந்தி! எங்கேயோ கோல்மால் ஆயிருக்கு மன்னி!"

தர்மாம்பாளின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை வேங்கடசுப்ரமணியன் பார்த்தார். அவள் கையெடுத்து விட்டோபாவைக் கும்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளாளுக்கு ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஐந்து நிமிஷம். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் வேங்கடசுப்ரமணியன்தான் வாயைத் திறந்தார். நடுக்கடலில் ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒரு நாள் பின்னுக்குப் போகும், அங்கே புதன்கிழமை ஏறினவர் செவ்வாய்க்கிழமையில் இருப்பார், தந்தி சரிதான் என்று விளக்கிச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையும் சரி. அக்கா அவரையே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெதுவாகச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவருக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா. அந்த நெஞ்சுவலியிலும் ஒரு மூலையில், இந்தக் கூட்டத்தில் இது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் இருந்தது. மனுஷனுடைய புத்தி அப்படித்தான். பின்னால் அவர் தம்மை மன்னிக்காமல் போனது அந்த மூலைக்காகத்தான்.

சாயங்காலம் சாஸ்திரிகள் வந்தார். காரியங்களை சங்கரன் பண்ணுவதென்று ஆயிற்று. இனி வருஷா வருஷம் திவசம் கொடுக்கத் திதி வேண்டுமே. சாஸ்திரிகள் சோபகிருது வருஷத்துப் பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம கணக்குக்கு என்ன கிழமை, என்ன நேரம்?" என்று கேட்டார்.

எல்லாரும் வேங்கடசுப்ரமணியனைப் பார்த்தார்கள்.

"புதன்கிழமை காலம்பற ஆறரை" என்றார் அவர். ரயிலில் சொல்வதுபோலவே. அங்கே செவ்வாய் என்றால் நமக்குப் புதன், இது அவர் நூறு தடவை ரயிலில் சொன்ன வாக்கியம்.

சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார். "செவ்வாய்க்கிழமை ராத்திரி பன்னண்டே முக்கால் வரைக்கும் ஏகாதசி. அதுக்கப்புறம் துவாதசி. அப்போ துவாதசியாறது. எதுக்கும் இன்னொரு தரம் நிதானமாப் பார்த்துடுங்கோளேன். வெளிதேச விஷயம்."

"நான் பார்க்காம சொல்லமாட்டேன்."

தர்மாம்பாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். குரல் எழும்பவில்லை. "ஏகாதசியா இருக்கப்படாதாடா வேங்குட்டு? அன்னிக்குப் பூரா நான் பட்டினி கிடந்து அவரையேதான் நினைச்சுண்டிருந்தேன்."

"ஆசைப்பட்டா கடியாரம் மாறுமாக்கா?" என்றார் அவர்.

துவாதசி என்று சாஸ்திரிகள் எழுதிக்கொண்டார்.

பத்தும் பதின்மூன்றும் முடிந்து வீடு கழுவி விட்ட பிறகு அடுத்த ஏகாதசி வந்தது. அக்கா எப்போதும்போல விரதம் இருந்தாள். மறுநாள் காலை இலை போட்டு, அகத்திக்கீரையும் பச்சடியும் பரிமாறினாள். ஓர் இலைதான் இருந்தது.

"உனக்கு?"

"நீ சாப்பிடு."

"பாரணை பண்ணலைன்னா ஏகாதசி இருந்த பலனே போயிடுமே அக்கா."

"பலன் எனக்கு எதுக்கு?" என்றாள் அவள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அங்கே அவர் உயிர் போயிண்டிருக்கறபோது இங்கே நான் நெல்லிக்காய்ப் பச்சடியை நக்கிண்டு, அகத்தி கசக்கலைன்னு சொல்லிண்டிருந்தேனேடா. துவாதசி அன்னிக்கு இனிமே என் நாக்குல எதுவும் படாது."

இரண்டு நாள் பட்டினி. திரயோதசி காலையில்தான் ஒரு வாய். மாதத்துக்கு இரண்டு தடவை. சங்கரன் சொல்லிப் பார்த்தான். சாஸ்திரிகள் சாஸ்திரத்தில் இப்படி இல்லை என்று கோபித்துக்கொண்டார். அவள் எல்லாருக்கும் மரியாதையாகத் தலையை ஆட்டினாள், செய்ததைத்தான் செய்தாள். துவாதசிக்கு துவாதசி தம்பிக்கு மட்டும் மாதுங்கா மார்க்கெட்டில் தேடி அகத்திக்கீரை வாங்கிச் சமைத்துப் போட்டாள். தன்னால் அவன் விரதச் சாப்பாடு கெடவேண்டாம் என்றாள். அவரும் சாப்பிட்டார். ஒரு பென்சிலும் அரை நிமிஷமும் போதும், இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். போட்ட கணக்கைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம்தான் அவருக்கு இல்லையே. இப்படி ஐந்து வருஷம் ஓடிற்று. அக்காவின் கையில் மிஞ்சியிருந்த ஒற்றைப் பொன்வளையல் முழங்கை வரைக்கும் ஏறிற்று, ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வயசாகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அறுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம் ஒரு நாள் முகம்மது ஹனீப் என்று ஒரு தோல் வியாபாரி ஆபீசுக்கு வந்தார். தாராவியில் பெட்டி, பை தைக்கிற பட்டறை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அண்ணன் ஃபிஜியில் கடை வைத்திருந்தார். அங்கே போய் அண்ணனைப் பார்த்துவிட்டு, சாம்பிள் பெட்டிகளுடன் ஹொனலூலு போய் ஆர்டர் பிடிப்பதாகத் திட்டம். கூடவே அவர் மனைவி சபுராவும் வந்து, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வேங்கடசுப்ரமணியன் தம் வழக்கப்படி ஆரம்பித்தார். நந்தியில் வியாழக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு ஏறவேண்டும், மூவாயிரத்து நூற்றெழுபது மைல், ஆறரை மணி நேரம், ஹொனலூலுவில் புதன்கிழமை காலை பத்தரைக்கு இறங்கலாம்.

ஹனீப் வாயைப் பிளந்தார். "வியாழக்கிழமை ஏறி புதன்கிழமையா? என்ன சார், கண்கட்டு வித்தை காட்டுதியளா?"

வேங்கடசுப்ரமணியன் சிரித்தார். சபுரா சிரிக்கவில்லை.

"அந்த ஊரு மணி எனக்கு எதுக்கு சார்?" என்றாள் பின்னாலிருந்து. "இவுஹ போற பிளேன் தண்ணிக்கு மேல பறக்குதப்ப எங்க தாராவி வூட்டுக் கடியாரத்துல எத்தன மணி? எறங்குதப்ப எத்தன மணி? அத மட்டும் சொல்லுங்க."

"எதுக்கும்மா அது?"

"அது வரைக்கும் நான் உக்காந்து துவா கேக்கணும்லா? இவுஹ எறங்கின பொறவு கேட்டு என்ன பிரயோசனம்?"

பதினெட்டும் ஐந்துமாக இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எல்லாரும் அந்த ஊர் மணியைத்தான் கேட்பார்கள். அவர் பென்சிலை எடுத்தார். நந்தி கடிகாரம் பம்பாய்க்கு ஆறரை மணி முன்னால். வியாழன் அதிகாலை இரண்டில் ஆறரையைக் கழித்தால் புதன் சாயங்காலம் ஏழரை. அதோடு பறக்கிற ஆறரையைக் கூட்டினால் அன்று இரவே இரண்டு மணி.

"புதன்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு ஏறுவார். ராத்திரி ரெண்டு மணிக்கு எறங்கிடுவார். நம்ம கடியாரத்துல."

"அப்பம் புதன்கிழமை ராத்திரி பூரா மேலதான் இருப்பாஹ" என்று சபுரா தனக்குள் சொல்லிக்கொண்டாள். "இசா தொழுதுட்டு அப்படியே உக்காந்திர வேண்டியதுதான்."

வேங்கடசுப்ரமணியன் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வியாழக்கிழமை அதிகாலையில் ஏறுகிறவர் பம்பாய்க்குப் புதன்கிழமை இரவில் பறக்கிறார். அப்படியானால் புதன்கிழமை அதிகாலை ஒன்றரைக்கு ஏறினவர்? ஆறரையைக் கழி. செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி. ஏறினபோது ஹொனலூலுவில் செவ்வாய் அதிகாலை மூன்றரை. தந்தியில் இருந்தது ஹொனலூலு மணி, ஆறரை. ஏறி மூன்று மணி நேரத்தில் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணி.

பன்னிரண்டே முக்கால் வரைக்கும் ஏகாதசி.

அவர் என்ன செய்திருக்கிறார் என்பது அப்போது தெரிந்தது. ஹொனலூலுவின் மணியை எடுத்து, நந்தியின் கிழமையோடு சேர்த்து, பம்பாய்ப் பஞ்சாங்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஏஜென்சியில் நேற்றுச் சேர்ந்தவன் செய்தால் புத்தகத்தாலேயே அடிப்பார்கள். அத்திம்பேர் போனது ஏகாதசியில். போன நேரத்தில் அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் விழித்திருந்து அவருக்காக சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை காலை அவள் பச்சடியை ருசித்துச் சாப்பிட்டபோது எல்லாம் முடிந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"சார், மேலுக்கு முடியலியா?" என்று ஹனீப் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி டிக்கெட்டை எழுதினார். இரண்டு எழுதிக் கிழித்து மூன்றாவதைக் கொடுத்தார்.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார். அக்கா கதவைத் திறந்து, "ஏன்டா முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டாள். "தலைவலி" என்றார். அவள் சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டாள்.

மறுநாள் சொல்லலாம் என்று படுத்தார். மறுநாள் சங்கரன் முகம் நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷமாகத் தப்பான திதியில் அண்ணனுக்குப் பிண்டம் போட்டிருக்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்வது? இன்னொரு தரம் பார்த்துடுங்கோ என்றாரே சாஸ்திரிகள், அவர் முகத்தில் எப்படி விழிப்பது? தை பிறக்கட்டும் என்றிருந்தார். தை பிறந்தது. ரயிலில் யாராவது தூரம் கேட்டால், காது சரியாகக் கேட்கவில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயிலில் எளிதாக வந்த மௌனம் வீட்டிலும் எளிதாக வந்தது. நடுவில் துவாதசிகள் வந்தன. அக்கா இலை போட்டாள், அவர் உட்கார்ந்தார். சாப்பிடாமல் எழுந்தால் ஏன் என்று கேட்பாளே, அதற்காகச் சாப்பிட்டார். அகத்திக்கீரையை மோரைக் குடித்து உள்ளே தள்ளினார். இதைக் கோழைத்தனம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? அவருக்கே அந்த வார்த்தைதான் தோன்றிற்று.

மாசி மாதம் ஒரு துவாதசியன்று காலை, இலையில் அவருக்குப் பச்சடி வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே மடங்கி விழுந்தாள். வாயோரம் கறுப்பாக ரத்தம். கிங்ஸ் சர்க்கிள் டாக்டர் வந்து பார்த்தார். வயிற்றில் புண், ரொம்ப நாளைய புண், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலோ கஞ்சியோ ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கவேண்டும், இன்னொரு பட்டினி இருந்தால் என்னைக் கூப்பிடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். டாக்டர் படி இறங்கினதும், "பாக்கி நாள்ல குடிக்கறேன். அந்த ரெண்டு நாள் மாத்திரம் முடியாது" என்றாள்.

அதற்கு மேல் எதையும் தள்ளிப்போட வழியில்லை.

பாத்திரங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, அவள் படுக்கைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நல்ல வெயில் நேரம். கீழே ரோட்டில் பழைய பேப்பர்க்காரன் கத்திக்கொண்டு போனான்.

"அக்கா, அத்திம்பேர் போனது துவாதசி இல்லை. ஏகாதசி. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போட்டுக் காமி" என்றாள்.

மூன்று கோடு இழுத்தார். நந்தி, ஹொனலூலு, பம்பாய். நந்தியில் புதன் அதிகாலை ஒன்றரை, அதே நிமிஷம் ஹொனலூலுவில் செவ்வாய் அதிகாலை மூன்றரை, பம்பாயில் செவ்வாய் இரவு ஏழு. அங்கிருந்து தந்தியின் ஆறரைக்கு மூன்று மணி நேரம். ரயிலில் மின்னலாகச் சொல்கிறவர் ஒன்றாம் வகுப்புப் பையன்போல ஒவ்வோர் எண்ணாக எழுதினார். கணக்கு வாத்தியார் பெண்டாட்டி அல்லவா, அவள் விரலை வைத்துத் தானும் கூட்டிப் பார்த்தாள். தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அடியில் துணியில் சுற்றி வைத்திருந்த சோபகிருது வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்தாள்.

"ராத்திரி பத்து மணி" என்றாள்.

"ஆமாம்."

"சகஸ்ரநாமம் ரெண்டாவது ஆவர்த்தி சொல்லிண்டிருந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கோ? நீ விளக்கை அணைக்கச் சொன்னே, நான் மாட்டேன்னேன்."

"இருக்கு."

அவள் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. ஐந்தரை வருஷமாக அவர் பார்க்காத முகம். அந்த முகத்தை இத்தனை நாள் அவர்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்ததும் அவருக்கு அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டட்டும், அடித்தாலும் நல்லது என்று காத்திருந்தார். அவள் பஞ்சாங்கத்தை மூடி மறுபடியும் துணியில் சுற்றினாள்.

"தப்பு யாருக்கும் வரும்" என்றாள். "உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றைக்குத்தான் என்றால் நம்பியிருப்பாள்.

"கார்த்திகையில."

"இப்போ மாசி."

"ஆமாம்."

"நடுவுல எத்தனை துவாதசி?"

அவருக்கு அந்த எண் தெரியும். மூன்று மாதமாக அவர் எண்ணிக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான்.

"ஆறு."

"ஆறு தடவையும் நான்தானே பரிமாறினேன்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. ஞாபகப்படுத்திக்கொள்வதுபோலத்தான் சொன்னாள். "நீ தலையைக் குனிஞ்சுண்டு சாப்பிட்டே. எனக்கு ரொம்பப் பசிச்சுதுடா, வேங்குட்டு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொஞ்சம் மோர் சாதம் கரைத்துத் தருகிறாயா என்று கேட்டாள். அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். சாதத்தைப் பிசைந்து மோரை ஊற்றின பிறகு உப்பைத் தேடினார். எந்த டப்பாவில் இருக்கிறதென்று தெரியவில்லை. இரண்டு டப்பாவைத் திறந்து மூடினார். அவளைக் கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை. உப்பில்லாமலே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா உப்புக் கேட்காமல் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள்.